குழலில் சிக்கிய துணி

"படு! அக்கா, படு!"

செல்வி கத்துகிறாள். நான் ஏற்கெனவே படுத்திருக்கிறேன். வாய் நிறைய மண். முதலில் தொலைவில் 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு சீழ்க்கை. சீழ்க்கை கேட்கும்வரை உயிர் இருக்கும். அது நின்றால்தான் பயம். நிற்கிறது. நிலம் எங்களைத் தூக்கிப் போடுகிறது. பனை ஒன்று பாதியில் முறிந்து பதுங்குகுழியின் வாயில் விழுகிறது.

2007. மன்னார்ப் பக்கத்து வயல்வெளி. மாரி தொடங்கிவிட்டது. வரம்பெல்லாம் சேறு. குழிக்குள் முழங்கால் வரை தண்ணீர்.

குதிக்கும்போது செல்வியின் துவக்கு கையிலிருந்து நழுவியது. வாய்ப்பக்கம் கீழாக விழுந்தது. சேற்றில் குத்திட்டு நின்றது. நான் பார்த்தேன்.

என் பெயர் தவமலர். அன்று எனக்கு முப்பத்தெட்டு வயது. நான் போராளி அல்ல. வீட்டுக்கு ஒருவர் ஊர்க்காவலுக்கு வர வேண்டும் என்று இயக்கத்தார் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் சிவராசாவுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் மூச்சு முட்டும், கிணற்றடிவரை நடக்க மாட்டார். மகள் வதனி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வதனியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்கள். நான் என் பெயரைக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓலைக் கொட்டில். அதில் ஆறு துவக்குகள். எல்லாம் என்னைவிட வயதில் மூத்தவை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். நல்லவை எல்லாம் முன்னரங்குக்குப் போய்விட்டன. மிஞ்சியவை எங்களுக்கு. குண்டும் கொஞ்சம்தான். அதனால் என்னைச் சுடப் பழக்கவில்லை. துடைக்கப் பழக்கினார்கள்.

பழக்கியது செல்வி. இருபத்தாறு வயது. எங்கள் ஊரில் சட்டை தைத்தவள். எனக்கு முன்பே ஊர்க்காவலுக்குப் பிடிக்கப்பட்டவள். அவள் சொன்னது இன்னும் கையில் இருக்கிறது. முதலில் குண்டு இருக்கிறதா என்று பார். கண்ணால் பார்த்தால் போதாது, விரலை விட்டுப் பார். போல்ட்டைக் கழற்று. கயிற்றைப் பின்பக்கமாக விடு, முன்பக்கமாக இழு. துணி அளவாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் உள்ளே சிக்கும். எண்ணெய் மெல்லப் பூசு. பிறகு குழலை வானத்துக்குப் பிடித்துப் பார். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எவர் கையிலும் கொடுக்காதே.

துவக்கு எண்ணெய் எங்களிடம் இல்லை. தையல் மெசின் எண்ணெய் போட்டோம். அதுவும் முடிந்தது. தேங்காய் எண்ணெய் போட்டோம். துணிக்கு என் கலியாணச் சேலையைக் கிழித்தேன். பட்டு அல்ல. நூல் சேலை. பட்டு உதவாது.

அன்று ஷெல் ஓய்ந்ததும் செல்வி எழுந்தாள். துவக்கைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். வயலின் அந்தக் கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். யாரென்று தெரியவில்லை. ஊரை எச்சரித்து எழுப்ப ஒரு முறை சுட வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

நான் கத்தினேன். "செல்வி, குழலைப் பார்! குழலைப் பார்!"

ஷெல் விழுந்த காதில் எதுவும் கேட்காது. எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவள் போல்ட்டை இழுத்தாள். தள்ளினாள். கன்னத்தை வைத்தாள்.

அது வெடிச்சத்தம் அல்ல. ஒரு இரும்புக் கதவை அடித்துச் சாத்தியது போன்ற சத்தம். குழல் கமுகம்பாளை விரிந்தது போல் பிளந்தது. செல்வி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் ஏற்றினோம். என் மடியில் கிடந்தாள். கல்வீதிக்கு வருமுன் மூச்சு நின்றது. வீதியோரம் ஒரு வேம்பின் கீழ் புதைத்தோம். ஆழமாகத் தோண்ட நேரமில்லை.

அதன்பின் நாங்களும் ஓடினோம். ஒரு பை. ஒரு பானை. வதனியின் புத்தகங்களைச் சிவராசா தூக்கினார். கடற்கரைக்கு வரும்போது பொழுது சாய்கிறது. படகு ஒன்றுதான். ஏற்கெனவே நிறைந்துவிட்டது. ஓட்டி இரண்டு பேருக்குத்தான் இடம் என்கிறான். தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது.

சிவராசா வதனியைத் தூக்கி உள்ளே விட்டார். பிறகு என்னைத் தள்ளினார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பிள்ளையோடை நீ போ. மற்றப் படகிலை நான் வாறன்."

மற்றப் படகு வரவில்லை.

இந்தியக் கரையில் எங்களைப் பதிந்தார்கள். பெயர். ஊர். குடும்பம். பிறகு ஒரு அதிகாரி கேட்டார்.

"ஆயுதம் தொட்டிருக்கீங்களா?"

தொட்டேன் என்று சொன்னவர்களைத் தனி முகாமில் அடைப்பார்கள் என்று படகிலேயே சொல்லியிருந்தார்கள். பூட்டிய முகாம். எப்போது வெளியே வருவார்கள் என்று எவருக்கும் தெரியாது. வதனி என் பக்கத்தில் நின்றாள்.

"இல்லை" என்றேன்.

எங்களைக் கும்மிடிப்பூண்டி முகாமுக்கு அனுப்பினார்கள்.

முகாமுக்கும் தொழிற்பேட்டைக்கும் அதிக தூரமில்லை. ஷேர் ஆட்டோவில் போகலாம். காசில்லாத நாளில் தண்டவாளத்தை ஒட்டி நடக்கலாம். சென்னைக்குப் போகும் ரயிலும் ஆந்திராவுக்குப் போகும் ரயிலும் காதோரம் ஓடும். காற்றில் எப்போதும் இரும்பு மணக்கும். துணி காயப்போட்டால் கறுப்பாகும். ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை கிடைத்தது. பழைய இரும்பு லாரி லாரியாக வரும். நாங்கள் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து பிரிப்போம். செம்பு ஒருபக்கம். அலுமினியம் ஒருபக்கம். மற்றதெல்லாம் உலைக்கு.

கிரேன் இரும்பைத் தூக்கி மேலேயிருந்து போடும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் நான் குப்புற விழுந்தேன். இரு கையாலும் தலையை மூடினேன். பெண்கள் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நான் எழும்பவில்லை.

வாசல் காவலாளி ஓடிவந்தார். பக்கத்தில் தரையில் குந்தினார்.

"எழுந்திருமா. ஒண்ணியும் இல்ல. இரும்பு கொட்றாங்க, அவ்ளோதான். பயந்துக்காத."

அவர் பெயர் பெருமாள். ஐம்பது வயதிருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அன்றிலிருந்து கிரேன் தூக்கும்போதெல்லாம் வாசலிலிருந்து ஒரு சத்தம் போடுவார்.

"சிலோனம்மா, சத்தம் வருது!"

நான் காதைப் பொத்துவேன். இரும்பு விழும். அவர் இருக்கும்வரை நான் மறுபடி விழவில்லை.

அவர் தோளில் எப்போதும் ஒரு துவக்கு தொங்கும். கையால் போல்ட் இழுக்கும் துவக்கு. எங்கள் கொட்டிலில் இருந்தவற்றின் சாயல்தான். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். தேநீர் குடிக்கும்போது அவரே சொல்வார்.

"எங்க நைனாவோடது. பன்னி வெரட்ட வச்சினு இருந்தாரு. அவரு போனதுக்கப்பால லைசென்சு எம் பேருக்கு மாறிச்சு. இது இருக்கறதாலதான் இங்க வேல. எனக்கா சம்பளம் குடுக்கறான்? இதுக்குக் குடுக்கறான்."

சொல்லிவிட்டு அதைத் தட்டுவார். மாட்டைத் தட்டுவது போல. அவர் அதைச் சுட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. மழையில் நனைந்தால் துண்டால் வெளியே துடைப்பார். உள்ளே பார்க்க மாட்டார். எனக்குக் கை பரபரக்கும். கையை மடிக்குள் வைத்துக்கொள்வேன்.

2008. மழைக்காலம். புயல் ஒன்று கடந்து போனது. பேட்டைத் தெருக்களில் தண்ணீர். ஆலையில் இரண்டு நாள் வேலையில்லை. வேலை தொடங்கிய அன்று காவலாளிகளை வைத்த கம்பெனியிலிருந்து துப்பாக்கிகளைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். பெருமாள் அண்ணன் பதறிப் போனார். குழல் முழுக்கத் துரு. ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். பழைய பனியனைக் கிழித்து நுனியில் சுற்றினார். வாய்ப்பக்கமாகக் குத்தினார். குச்சி வெளியே வந்தது. துணி வரவில்லை.

அவர் தலைகீழாகப் பிடித்து உலுக்குகிறார். தட்டுகிறார். ஊதுகிறார். நான் செம்புக் கம்பி பிரித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கவில்லை போல் பார்க்கிறேன்.

"மாட்டிக்கிச்சுமா. பேஜாரா பூட்ச்சு" என்றார்.

"அண்ணை, கடையிலை குடுத்து எடுங்கோவன்" என்றேன். அவ்வளவுதான் சொல்லலாம். எவரும் சொல்லக்கூடியது அது.

"கடைக்கு மெட்ராஸ் போவணும். அந்த ஆளு சாயந்தரம் வந்துருவான். ஒரு தோட்டா போட்டு சுட்டுட்டா துணி தன்னால பறந்துடும்."

மதியம். பின்சுவரோரம் நிழலில் பெண்கள் சாப்பிடுகிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி. ஆள் நடமாட்டமில்லை. பெருமாள் அண்ணன் வருகிறார். ஒரு தோட்டாவை உள்ளே வைக்கிறார். போல்ட்டைத் தள்ளுகிறார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சுவர் மேல் முழங்கையை ஊன்றுகிறார். கன்னத்தைக் கட்டையில் வைக்கிறார்.

என் கையில் சோறு. வதனி பன்னிரண்டாம் வகுப்பு. அரசுப் பள்ளிக்கூடம். கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"சுடாதேங்கோ! துவக்கு வெடிக்கும்! குழல் அடைச்சிருக்கு! சுடாதேங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள். துவக்கு. துப்பாக்கிக்கு அந்தச் சொல்லை அங்கே எவரும் சொல்வதில்லை. பெருமாள் அண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னாமா நீ. துணிமா அது. தோட்டா முன்னால துணி நிக்குமா?"

மறுபடி கன்னத்தை வைத்தார். நான் ஓடினேன். சோற்றுக் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணை, விரலை எடுங்கோ. பின்னாலை வெடிக்கும். உங்கடை முகத்திலை வெடிக்கும். ஒருத்தி என்ரை கண்ணுக்கு முன்னாலை அப்பிடித்தான் செத்தவள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எங்க?"

"ஊரிலை."

அவர் விரலை எடுத்தார். துவக்கை என் கையில் கொடுத்தார்.

எடை தெரிந்தது. ஒரு வருடம் ஆகிவிட்டது. போல்ட்டை இழுத்தேன். தோட்டா தரையில் விழுந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். வேறு குண்டு இல்லை. போல்ட்டைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் கேட்டேன். ஊற்றி ஊறவிட்டேன். குவியலிலிருந்து நேரான பித்தளைக் கம்பி ஒன்று எடுத்தேன். இரும்புக் கம்பி என்றால் உள்ளே கீறும். பின்பக்கமாக விட்டு மெல்லத் தட்டினேன். அசையவில்லை. தட்டினேன். அசைந்தது. கறுப்பாக, நனைந்து, எலிக்குஞ்சு போல ஒரு துணிக்கட்டி வாய்ப்பக்கம் விழுந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிற்கவில்லை. தேநீர்க் கடையில் சுடுதண்ணீர் வாங்கிவரச் சொன்னேன். குழலில் ஊற்றினேன். துரு சிவப்பாக ஓடியது. துணியை அளவாகக் கிழித்தேன். கயிற்றில் கட்டி இழுத்தேன். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். போல்ட்டின் பள்ளங்களில் ஈர்க்குச்சியால் அழுக்கெடுத்தேன். எண்ணெய் மெல்லப் பூசினேன். குழலை வானத்துக்குப் பிடித்தேன். வட்டமாக வெளிச்சம்.

திரும்பினேன். படிக்கட்டில் மேற்பார்வையாளர் நிற்கிறார். கையில் கேமரா போன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

இரண்டு பேர் முகாமுக்கு வந்தார்கள். சாதாரண உடுப்பில் போலீஸ்காரர்கள். வதனியை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்கத் தொடங்குமுன் ஒரு மொபெட் சத்தம். பெருமாள் அண்ணன். எவரும் கூப்பிடவில்லை. அவரே வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"சார், நான்தான் சார் கிளீன் பண்ணேன். இந்தம்மா துணி எடுத்துக் குடுத்துச்சு. அவ்ளோதான். இதுக்கு ஒண்ணியும் தெரியாது சார்."

ஒருவர் போனைத் திருப்பிக் காட்டினார். படத்தில் நான். இரு கையிலும் துவக்கு. ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்க்கிறேன். பெருமாள் அண்ணன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுமா. எத்தினி பேரைச் சுட்ட?"

"ஒருத்தரையும் சுடேல்லை. ஒரு நாளும் சுடேல்லை. துடைச்சனான்."

"சுடத் தெரியாது. துடைக்க மட்டும் தெரியும். நாங்க நம்பணும்?"

"ஓம். அதுதான் உண்மை."

அவர்கள் நம்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. அதே பதில். செல்வியைப் பற்றிச் சொன்னேன். வேம்பைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார். ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைப் பூட்டிய முகாமுக்கு அனுப்பவில்லை. ஏன் என்று தெரியாது. வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடு என்றார்கள். மகளும் போட வேண்டும் என்றார்கள்.

ஆலை என்னை நிறுத்தியது. முகாமிலிருந்து வேறு எவரையும் இனி வேலையில் வைத்திருப்பதில்லை என்றது. என்னால் பத்துக் குடும்பத்துக்கு மேல் வேலை போயிற்று. தண்ணீர்க் குழாயில் பெண்கள் என்னோடு பேசவில்லை. பெருமாள் அண்ணனின் துவக்கை எடுத்துப் போனார்கள். அவருடைய வேலையும் போயிற்று.

வதனிக்குக் கல்லூரி விண்ணப்பத்தோடு முகாம் அதிகாரியின் சான்று வேண்டும். கேட்டோம். விசாரணை முடியட்டும் என்றார்கள். கடைசி நாள் கடந்தது. அன்று மாலை அவள் புத்தகங்களைக் கட்டினாள். சிவராசா தூக்கி வந்த பழைய புத்தகங்களும் அதில் இருந்தன. கட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்காகத்தானே துவக்குத் தூக்கினீங்கள்? எனக்காகத்தானே மறைச்சீங்கள்? அந்த ஆள் செத்தால் எங்களுக்கு என்னம்மா?"

எனக்குத் தெரிந்த பதில் அவளுக்குப் பதிலாகாது. அடுத்த வாரம் அவள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனாள். இன்னும் போகிறாள். பனிக்கட்டித் தண்ணீரில் விரல்கள் வெளுத்து வெடித்திருக்கின்றன. படுக்குமுன் தேங்காய் எண்ணெய் பூசிவிடுகிறேன். அவள் கையை இழுத்துக்கொள்வதில்லை.

அந்த விசாரணைக் காலத்தில்தான் ஊரிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. தம்பி குணமும் குடும்பமும் எங்களோடு வரவில்லை. சண்டை துரத்தத் துரத்தக் கிழக்கே போனார்கள். எங்கேயோ ஒரு போன் கிடைத்தால் பேசுவான். ஒரு நிமிடம். ஷெல் சத்தம் அவன் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். கடைசியாகப் பேசியபோது, "அக்கா, இனி மணல்தான் இருக்கு, அங்காலை கடல்" என்றான். 2009 சித்திரை. அதன்பின் மணி அடித்தது. எவரும் எடுக்கவில்லை. அதன்பின் மணியும் அடிக்கவில்லை. தப்பி வந்த அயலவர் ஒருவர் ஆவணியில் பேசினார். நான்கு பேரையும் ஒரே குழியில் வைத்ததாகச் சொன்னார். தானே மண் தள்ளியதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

அந்த மாதமே பெருமாள் அண்ணன் வந்தார். ஒரு பை நிறைய வேர்க்கடலை. முகாம் வாசலில் நெடுநேரம் நிற்க வைத்துத்தான் விட்டார்கள். வீட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரத் தயங்கினார். வதனி அவரைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். நரைத்த மீசை. இரண்டு கண். நெற்றியில் வியர்வை. நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டாள். அவர் கையில் கொடுத்தாள்.

"சூடு. பார்த்துக் குடியுங்கோ" என்றாள்.

அவர் குடித்தார். அழுதார்.

இதைப் படிப்பவர்களுக்கு. நடந்தது இதுதான். போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

வீடு. கூரை விழுந்துவிட்டதாம். கிணற்றில் எதையோ போட்டு மூடியிருக்கிறார்களாம். பதின்மூன்று தென்னை. ஒரு பசுவும் கன்றும். அவிழ்த்து விட்டு வந்தோம். வதனியின் கல்லூரி. முகாம் அயலாரின் வேலை. பெருமாள் அண்ணனுடைய அப்பாவின் துவக்கு. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

செல்வி. தையற்காரி. வேம்பின் கீழ். அந்த வீதியை இப்போது அகலமாக்கிவிட்டார்களாம்.

தம்பி குணம். அவன் மனைவி ரதி. மூத்தவன் கஜன். சின்னவள் துளசி. அவளுக்கு இன்னும் பல் விழத் தொடங்கவில்லை.

சிவராசா. இழுப்பு நோயாளி. மற்றப் படகில் வருவதாகச் சொன்னவர். இறந்தவர்களோடு எழுதுவதா, காணாமற்போனவர்களோடு எழுதுவதா என்று வதனியைக் கேட்டேன். அவள் பேனாவை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

ஆகவே ஐந்து பேர். அவரைச் சேர்க்கவில்லை.